"லண்டன் ரேஸ் நாயின் குட்டி" என்று விற்க வந்தால்: கிரேஹவுண்டின் காகிதத்தைப் படிப்பது எப்படி

போன தை மாதக் கடைசியில், சம்பா அறுப்பு முடிந்து வயலெல்லாம் காய ஆரம்பித்திருந்த நேரம், பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் போனை நீட்டிக்கொண்டு வந்தான். மன்னார்குடிப் பக்கம் ஒருவர் கிரேஹவுண்டு குட்டி விற்கிறாராம், தாய் லண்டனில் ரேஸ் ஓடி ஜெயித்த நாயாம், விலை அறுபதாயிரம், அத்தாட்சி என்று ஒரு ரேஸ் கார்டின், அதாவது பந்தயத்தில் ஓடும் நாய்களின் விவரம் அச்சிட்ட தாளின், போட்டோ. "அண்ணே, உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, நெசமான்னு பாருங்க" என்றான்.

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் என் அக்கா மகள். இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள், பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு ஒன்றைத் தத்தெடுத்து, அதன் காதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "மாமா, உள்ளே என்னமோ எழுதியிருக்கு" என்றாள். அதைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ராத்திரி ராத்திரியாக அந்த நாயின் கதையைத் தோண்டினோம். எந்த ஊரில் எத்தனை தடவை ஓடியது, எந்த வளைவில் இடிபட்டது, கடைசி ஓட்டத்தில் எத்தனை கிலோ இருந்தது, எல்லாம் கிடைத்தது. ஒரு நாயைப் பற்றி இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் என் தாத்தாவின் பிறந்த தேதி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

எனவே யாராவது உங்களிடம் பந்தய நாய், பந்தய நாயின் குட்டி என்று விலை பேசினால், நாயின் காலைப் பார்க்கும் முன் பதிவைக் கேளுங்கள். எப்படிக் கேட்பது, எப்படிப் படிப்பது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் காது

ஓடுதளத்தில் ஓடிய கிரேஹவுண்டு என்றால் காதின் உட்புறத்தில் பச்சை குத்தியிருக்கும், குட்டியாக இருக்கும்போதே குத்திவிடுவார்கள். பிரிட்டனில் ஓடும் நாய்களில் பெரும்பாலானவை அயர்லாந்தில் பிறந்தவை. இரண்டு காதிலும் எழுத்து இருந்தால் அயர்லாந்துப் பதிவு என்று எடுத்துக்கொள்ளலாம், ஒரு காதில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இங்கிலாந்துப் பதிவு. அமெரிக்க நாயின் காது இன்னும் சுலபம். வலது காதில் "57சி" என்று இருந்தால் 5-ஆம் மாதம், 7-இல் முடியும் வருடம், அந்த ஈற்றில் மூன்றாவதாகப் பச்சை குத்தப்பட்ட குட்டி. இடது காதில் இருப்பது ஈற்றுக்கான பதிவு எண், அதை வைத்திருப்பது கன்சாஸ் மாநிலம் அபிலீன் ஊரில் இருக்கும் தேசிய கிரேஹவுண்டு சங்கம்.

கறுப்பு நாய்க்குப் பச்சை கண்ணுக்கே தெரியாது. காதைப் பஞ்சால் துடைத்துவிட்டு, பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள், தோல் வழியாக வெளிச்சம் வரும்போது எழுத்து தெளிவாகும். ஒருத்தர் காதைப் பிடிக்க, ஒருத்தர் டார்ச் பிடிக்க, ஒருத்தர் படம் எடுக்க, ஆக மூன்று ஆள் வேண்டும். நாய் பெரும்பாலும் பொறுமையாகத்தான் நிற்கும், நமக்குத்தான் பொறுமை போய்விடும்.

அடுத்தது சிப். கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒன்று, ரீடரை வைத்தால் 15 இலக்க எண் வரும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ செல்லப்பிராணி மருத்துவர்களிடம் ரீடர் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்க்கலாம். விற்பவர் "சிப்பெல்லாம் எதுக்கு சார், நாயைப் பாருங்க" என்றால் நீங்கள் டீயைக் குடித்துவிட்டு எழுந்திருக்கலாம்.

காதும் சிப்பும் கிடைத்த பிறகு எந்தப் பதிவேட்டில் தேடுவது? இங்கிலாந்தில் உரிமம் பெற்ற ஓடுதளங்களைக் கட்டுப்படுத்துவது கிரேட் பிரிட்டன் கிரேஹவுண்டு வாரியம், 2009-இல் பழைய தேசிய கிளப்பையும் இன்னொரு வாரியத்தையும் சேர்த்து உருவானது. நாயின் பந்தயப் பெயரைப் போட்டால் முடிவுகள் வரும். அயர்லாந்தில் வம்சப் பதிவேடு ஐரிஷ் கோர்சிங் கிளப்பிடம் இருக்கிறது, பந்தய நிர்வாகம் அரசின் கையில். 1958 சட்டத்தில் போர்ட் நா கான் என்று தொடங்கியதைத்தான் இப்போது கிரேஹவுண்டு ரேசிங் அயர்லாந்து என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி அமைப்பு. இவை தவிர கிரேஹவுண்டு டேட்டா என்றொரு பெரிய தரவுத்தளம் இருக்கிறது, தாய் தகப்பன் பெயர்கள் பல தலைமுறைக்குக் கிடைக்கும், ஆனால் ஆர்வலர்களும் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது அது, அதனால் அதில் பார்த்ததை வாரியத்தின் பதிவோடு ஒத்துப் பாருங்கள்.

பெயரில் ஒரு குழப்பம் வரும். வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு, பந்தயப் பெயர் வேறு. பந்தயப் பெயரின் முன்பாதி பெரும்பாலும் வளர்த்தவரின் அடையாளம், "வெஸ்ட்மீட்", "ட்ரூபிஸ்" என்று தொடங்கும் நாய்கள் நிறைய. நம் ஊரில் ஆளைச் சொல்லும்போது வீட்டுப் பெயரையும் சேர்த்துச் சொல்வோமே, அந்த மாதிரி.

கார்டைப் படிக்கும் விதம்

இங்கேதான் ஏமாற்றுகிறவர்கள் மாட்டுவார்கள், ஏனென்றால் கார்டைக் காட்டுகிற ஆள் பெரும்பாலும் அதைப் படித்திருக்கமாட்டார்.

பிரிட்டிஷ் பந்தயத்தில் ஆறு நாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ராப், அதாவது கிளம்பும் கூண்டு, அதற்கென்று நிறத்தில் ஒரு சட்டை. 1 சிவப்பு, 2 நீலம், 3 வெள்ளை, 4 கறுப்பு, 5 ஆரஞ்சு, 6 கறுப்பு வெள்ளைக் கோடு. இந்த நிறங்கள் மாறவே மாறாது. ஆஸ்திரேலியாவில் எட்டு நாய் ஓடும், அங்கே கறுப்பு வெள்ளைக் கோடு 2-ஆம் எண், 8-க்கு பிங்க். எனவே "லண்டன் ரேஸ்" என்று சொல்லிப் பிங்க் சட்டை போட்ட நாயின் வீடியோவைக் காட்டினால் அது வேறு கண்டம்.

நாயின் பெயருக்குக் கீழே நிறமும் பாலும் சுருக்கமாக இருக்கும், ஆணுக்கு டி, பெண்ணுக்கு பி. அதற்கடுத்து தகப்பன் பெயர், ஒரு கோடு, தாயின் பெயர், பிறந்த மாதமும் வருடமும். இந்த ஒரு வரியை மட்டும் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும், நான் ஏன் சொல்கிறேன் என்பதைக் கடைசியில் பாருங்கள்.

அதற்குக் கீழே முந்தைய ஓட்டங்கள், ஓட்டத்துக்கு ஒரு வரி. தேதி, ஓடுதளம், தூரம், ட்ராப் எண், முதல் கட்ட நேரம், வளைவுகளில் எத்தனையாவதாக இருந்தது, கடைசியில் எத்தனையாவது, எத்தனை நீள வித்தியாசம், குறிப்பு, ஜெயித்த நாயின் நேரம், தரையின் நிலை, எடை, தரம், கடைசியாக இந்த நாயின் கணக்கிட்ட நேரம். பார்க்க மிராசுதார் கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி பயமுறுத்தும், ஆனால் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் பிடிபட்டுவிடும்.

ஒரு உதாரணம். 480 மீட்டர் ஓட்டம், ஜெயித்த நாயின் நேரம் 29.20 விநாடி. நம் நாய் ஒன்றேகால் நீளம் பின்னால் இரண்டாவதாக வந்தது. ஒரு நாயின் நீளத்துக்கு 0.08 விநாடி என்று அவர்கள் கணக்கு, எனவே ஒன்றேகாலுக்கு 0.10, நம் நாயின் நேரம் 29.30. இப்போது தரை நிலையைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மைனஸ் 10 என்று போட்டிருந்தால் மணல் கனமாக, ஓட்டம் 0.10 விநாடி மந்தமாக இருந்ததாக அர்த்தம். அதைக் கழித்தால் 29.20. இதுதான் வரியின் கடைசியில் வர வேண்டிய எண். மழை நாளில் ஓடிய நாயையும் வெயில் நாளில் ஓடிய நாயையும் ஒரே தராசில் வைக்கத்தான் இந்த ஏற்பாடு. கூட்டிக் கழித்து எண் ஒத்துவரவில்லையென்றால், அல்லது 480 மீட்டரை 24 விநாடியில் ஓடியதாக இருந்தால், யாரோ போட்டோவில் கைவைத்திருக்கிறார்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஓடினாலே அது நல்ல நாய்தான்.

குறிப்பு என்ற கட்டத்தில் ஆங்கில எழுத்துகள் ஒட்டி ஒட்டி இருக்கும். எஸ்-ஏ-டபிள்யூ என்றால் மெதுவாகக் கிளம்பியது, இ-பி என்றால் தொடக்கத்தில் வேகம், சி-ஆர்-டி என்றால் நெருக்கடியில் மாட்டியது. அக்கா மகளின் நாய்க்கு எட்டு ஓட்டத்தில் ஆறு தடவை எஸ்-ஏ-டபிள்யூ. இப்போதும் சாப்பாட்டுத் தட்டை வைத்தால்தான் எழுந்து வருமாம்.

தரம் என்பது ஏ1-இல் தொடங்கி ஏ11 வரை போகும், எண் சிறிதாக இருந்தால் வேகம் அதிகம். குறுகிய ஓட்டம், நெடிய ஓட்டம், தடை தாண்டும் ஓட்டம் இவற்றுக்கு வேறு எழுத்து. ஒவ்வொரு ஓடுதளத்திலும் பந்தய மேலாளர் என்று ஒருவர், சோதனை ஓட்டத்தின் நேரத்தைப் பார்த்துத் தரம் போடுவார், ஜெயித்தால் ஏற்றுவார், தோற்றுக்கொண்டே இருந்தால் இறக்குவார். நம் பக்கத்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு என்று பிரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே பல்லைப் பிடித்துப் பார்த்து, உயரத்தை அளந்து, "இது எப்படிக் கரிச்சானாகும்" என்று ஒரு மணி நேரம் சண்டை நடக்கும், கடைசியில் விழாக் குழு சொல்வதே முடிவு. பிரிட்டனில் அந்தச் சண்டையைக் கடிகாரத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு ஓடுதளத்தின் ஏ3-யும் இன்னொன்றின் ஏ3-யும் ஒன்றில்லை. கிராமப் பள்ளியில் முதல் ராங்க், டவுன் பள்ளியில் முதல் ராங்க் மாதிரிதான்.

அந்தக் கார்டு எப்படி உருவாகிறது

பந்தய நாளன்று நாய் வந்ததும் சிப், காதுப் பச்சை, உடம்பின் அடையாளங்கள் மூன்றையும் அதன் அடையாளப் புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். பிறகு எடை. போன ஓட்டத்தின் எடையிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தாலோ குறைந்திருந்தாலோ அன்றைக்கு ஓட்டம் கிடையாது. ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், தண்ணீர் காட்டியோ தீனி போட்டோ ஒரு நாயை மந்தமாக்கி, தரத்தை இறக்கி, அடுத்த வாரம் பட்டினி போட்டு ஜெயிக்க வைப்பது பழைய தந்திரம். எடையை எழுதி வைத்துவிட்டால் அந்தத் தந்திரத்தில் பாதி அடிபட்டுவிடும். மீதிப் பாதிக்குச் சிறுநீர்ச் சோதனை. ஸ்டூவர்ட் எனப்படும் நடுவர்கள் காரணமில்லாமல் வேகம் கூடிய நாயையும் குறைந்த நாயையும் விசாரிப்பார்கள். இங்கிலாந்தில் 2010-இல் வந்த பந்தய கிரேஹவுண்டு நல விதிகளின்படி ஓடுதளத்தில் கால்நடை மருத்துவர் இருந்தே ஆக வேண்டும், ஓடும் முன் ஒவ்வொரு நாயையும் பார்க்க வேண்டும், காயம் பட்டால் பதிவு செய்ய வேண்டும்.

பணம்? பிரிட்டனில், நாயின் மேல் கட்டும் பணத்தை வாங்கும் பந்தயத் தரகு நிறுவனங்கள் கிரேஹவுண்டு பந்தயத்தில் புரளும் தொகையில் 0.6 விழுக்காட்டைத் தாமாக முன்வந்து ஒரு நிதிக்குக் கொடுக்கின்றன, சட்டக் கட்டாயம் இல்லை. அயர்லாந்தில் அரசே குதிரைக்கும் நாய்க்கும் சேர்த்து ஒரு நிதி ஒதுக்கி அதில் 20 விழுக்காட்டை நாய்ப் பந்தயத்துக்குத் தருகிறது, அதன் மேல் அங்கே வருடா வருடம் சர்ச்சை.

இவ்வளவு கச்சிதமான பேரேட்டில் ரொம்ப நாள் ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது, ஓடி முடித்த நாய் எங்கே போகிறது என்ற பக்கம். 2006-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் சீஹாம் ஊரில் ஒருவர் பதினைந்து வருடத்தில் சுமார் பத்தாயிரம் கிரேஹவுண்டுகளைக் காசு வாங்கிக்கொண்டு கொன்று தன் நிலத்தில் புதைத்தார் என்று பத்திரிகையில் வந்தது. அதன் பிறகுதான் விசாரணை, அறிக்கை, மேலே சொன்ன 2010 விதிகள். 2018 முதல் காயக் கணக்கையும் ஓய்வுக் கணக்கையும் வருடந்தோறும் வெளியிடுகிறார்கள், பெரும்பாலான வருடங்களில் காயங்கள் நாலாயிரத்துக்கு மேல். 2020-இல் ஒரு வைப்புத் திட்டம் வந்தது. நாயைப் பதிவு செய்யும்போதே உரிமையாளரும் வாரியமும் பணம் கட்ட வேண்டும், ஓய்வுக்குப் பின் தத்துக் கொடுக்கும் இல்லத்துக்கு அது போகும். ஆஸ்திரேலியாவிலும் 2015-இல் பழக்குவதற்காக உயிருள்ள சிறு விலங்குகளை இரையாகக் கட்டியது அம்பலமான பின்புதான் நியூ சவுத் வேல்ஸில் நலனுக்கென்று தனி ஆணையம் வந்தது. மக்காவ் ஓடுதளம் 2018-இல் மூடியபோது ஐந்நூறுக்கு மேற்பட்ட நாய்கள் கேட்க ஆளில்லாமல் கூண்டிலேயே கிடந்தன. புளோரிடா மக்கள் அதே வருடம் ஓட்டுப்போட்டு 2020 முடிவோடு பந்தயத்தை நிறுத்தினார்கள். நியூசிலாந்து 2024 டிசம்பரிலும், வேல்ஸ் 2025 பிப்ரவரியிலும் தடை செய்யப் போவதாக அறிவித்தன. எனக்கு இந்தப் பந்தயத்தின் மேல் பிரியம் கிடையாது, இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். அவர்கள் எழுதும் கணக்கின் மேல்தான் பிரியம்.

நம் வயலில் ஓடவிடலாமா

திருவிழாவில் நாய்ப் பந்தயம் வைக்கலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். ஜல்லிக்கட்டுக்கு அனுமதி இருக்கிறதே என்பார்கள். 2017-இல் தமிழ்நாடு கொண்டுவந்து, 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற திருத்தம் காளைகளுக்கானது, நாய்க்கு அதில் இடமில்லை. விலங்கைப் பழக்கிக் கேளிக்கையாகக் காட்டுவதற்கு 1960 விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திலும் 2001 விதிகளிலும் விலங்கு நல வாரியத்தின் பதிவு வேண்டும். பணம் கட்டினால் 1930 சூதாட்டச் சட்டம் வரும். 1996-இல் உச்ச நீதிமன்றம் திறமை விளையாட்டு என்று சொன்னது குதிரைப் பந்தயத்தை, நாய்ப் பந்தயத்தை இல்லை. முயலை விட்டுத் துரத்த வைத்தால் 1972 வன உயிரினச் சட்டம், ஜாமீன் வாங்க அலைய வேண்டியிருக்கும். ஆக வைக்காதீர்கள்.

சும்மா காலாற ஓடவிடுவது வேறு. அதற்கும் வயலைப் பாருங்கள். நம் களிமண் மாசி கடைசியிலேயே வெடிக்க ஆரம்பித்துவிடும், வரப்போரம் நண்டு வளை, எலி வளை. என் கன்னி இன நாய் ஒரு நண்டு வளையில் கால்விட்டு விரல் பிசகி ஒன்றரை மாதம் கட்டோடு கிடந்தது. மணலை நீர் தெளித்துச் சமன் செய்து வைத்திருக்கும் ஓடுதளத்திலேயே பின்னங்காலின் வலது கணுக்கால் எலும்பு நொறுங்குவது சாதாரணம், எப்போதும் இடப்பக்கம் வளைந்தே ஓடுவதால் பாரமெல்லாம் அந்தக் காலில் விழுகிறது. வெறும் அறுப்புத் தாளில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். விடியற்காலையில், ஆற்றுப் படுகை மணலில், நேர்கோட்டில், ஒரே நாயாக ஓடவிடுங்கள். சித்திரை வெயிலில் வேண்டவே வேண்டாம்.

குட்டி வாங்குவதற்கும் விதி இருக்கிறது. 2017 நாய் இனப்பெருக்க விதிகளின்படி வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழைக் காட்டுவார்கள். அது வம்சத்துக்கான காகிதம். நாய் ஓடியதா என்பதற்கு அதில் ஒரு வரிகூட இருக்காது.

இனி பையன் கொண்டுவந்த போட்டோ. கார்டில் நாயின் பெயருக்குக் கீழே பெரிதாக்கிப் பார்த்தேன், கறுப்பு நிறம், டி. தாய் என்று சொல்லப்பட்டது ஆண் நாய். போன் போட்டுக் கேட்டோம். அந்த ஆள் இரண்டு நொடிகூட யோசிக்கவில்லை, "அப்ப அது அப்பனா இருக்கும் சார்" என்றார். சரி, சிப் எண் சொல்லுங்கள் என்றதற்கு லைன் கட்டாகிவிட்டது.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டு எட்டாயிரத்துக்குக் குட்டியைக் கொடுத்தார், லண்டன் பேச்சே வரவில்லை. பையன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்தான், கோடு போட்டுக் கொடுத்தேன். வாங்கிய தேதி, யாரிடம், ஊசி போட்ட தேதி, வாராவாரம் எடை, காயம், யாருக்காவது கொடுத்தால் அவர் கையெழுத்து. சிப் என்ற கட்டத்தில் "போட வேண்டும்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறான். முதல் வார எடை அரிசிக் கடைத் தராசில் பார்த்தது, ஆறு கிலோ எழுநூறு, குட்டி நிற்காமல் ஆடியதால் ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கலாம்.